கிளிப் கழற்றி நான்கு வருடம் ஆன பிறகு

எங்கள் வீட்டில் இரண்டு பேர் பல்லுக்கு கிளிப் போட்டுக் கழற்றியிருக்கிறோம். மகளுக்கு 11 வயதில் தொடங்கியது, எனக்கு 38-ல். பார்த்த டாக்டர் ஒருவரே என்றாலும் செய்த வைத்தியம் வேறு வேறு. விசாரிக்கிறவர்கள் எல்லாரும் "மெட்டலா, செராமிக்கா, அலைனரா, எது நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். (அலைனர் என்பது கம்பி இல்லாமல், கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை.) என்னைக் கேட்டால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தாடை இன்னும் வளர்கிறதா, வளர்ந்து முடிந்துவிட்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகளுக்குப் பல் எடுப்பு என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தபோது மேல் பல்லில் பெரிய கோளாறு இல்லை, கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்தது. அதனால் நேராகக் கம்பி கட்டாமல் முதலில் ட்வின் பிளாக் கொடுத்தார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அக்ரிலிக் தட்டுகள். வாயை மூடினால் அவற்றின் சரிவுகள் ஒன்றோடொன்று முட்டி, கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977-ல் உருவாக்கிய சாதனம் இது. வளரும் வயதில்தான் முழுப் பலன் தரும். என் வயதில் மாட்டியிருந்தால் எச்சில் ஒழுகியதுதான் மிச்சமாக இருந்திருக்கும்.

எச்சில் அவளுக்கும் ஒழுகியது. ஸகரம் வரும் சொல்லெல்லாம் குழறியது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரிய போராட்டம். "அம்மா, இதைப் போட்டுக்கிட்டு தோசை கூட சாப்பிட முடியல" என்று அழுதிருக்கிறாள். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் அவள் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றமே மாறியது. பின்னால் போட்ட மெட்டல் கிளிப் பற்களை வரிசைப்படுத்தும் வேலையை மட்டும் செய்தது. பல் எதையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏழு வயதுவாக்கில் ஒருமுறை காட்டுங்கள் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசையைச் சீராக்கும் நிபுணர்) சங்கம் சொல்கிறது. காட்டுவது வேறு, உடனே கம்பி கட்டுவது வேறு. அந்த வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். விரல் சூப்புவது நிற்காமல் இருப்பது, மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய் விழுவது போன்றவற்றைத்தான் சீக்கிரம் கவனிக்க வேண்டும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இடநெருக்கடி, ஒரு தெத்துப்பல், கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பற்கள். தாடை வளர்ச்சி முடிந்தவர்களுக்கு இடம் எங்கிருந்தாவது வர வேண்டும். எனக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து இடம் உண்டாக்கினார்கள். அதற்கு முன்பே ஈறை அளந்து, சுத்தம் செய்து, அது தேறும்வரை காத்திருந்தோம். ஈறு நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் போய்விடும். ஈறைப் பார்க்காமலே கம்பி கட்டத் தயாராக இருந்த ஒரு கிளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

ஆசைப்பட்டுச் செராமிக் போட்டுக்கொண்டேன். பல்லில் ஒட்டும் சின்னத் துண்டான பிராக்கெட் நிறம் மாறவே இல்லை. அதைக் கம்பியோடு கட்டும் குட்டி ரப்பர் வளையங்கள்தான் சாம்பார் சாப்பிட்ட அன்றே மஞ்சளாகிவிடும். அடுத்த முறை மாற்றும்வரை அப்படியே சிரிக்க வேண்டியதுதான். நம் சாப்பாட்டுக்குச் செராமிக்கின் கூடுதல் விலை தண்டம் என்பது என் கருத்து. மகள் மெட்டலில் நீல வளையம் கேட்டு வாங்கிக்கொண்டாள், பிரச்சினை முடிந்தது.

வலி? கம்பி மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் ரசம் சாதம்தான், அப்புறம் சரியாகிவிடும். உரசும் இடத்தில் வைக்க மெழுகு தருவார்கள். தீபாவளி முறுக்கும் சீடையும் பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். கம்பிக்கு நடுவே நுழையும் குட்டி பிரஷ் இல்லாமல் வெளியே கிளம்பவே முடியாது. சரியாகத் துலக்காத பிள்ளைகளுக்குக் கிளிப் கழற்றிய பிறகு பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். மகளுக்கும் கடைவாய்ப் பக்கம் லேசாக உண்டு.

அலைனரைப் பலரும் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், தண்ணீர் தவிர எதைக் குடித்தாலும் கழற்ற வேண்டும். அலுவலகத்தில் எத்தனை தடவை டீ குடிப்பேன் என்று யோசித்தபோதே எனக்கு அது ஒத்துவராது என்று புரிந்தது. ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கு, ஓரளவு நெருக்கத்துக்கு, அது நல்ல வழிதான். டாக்டர் நேரில் பார்க்காமல் தபாலில் வரும் அலைனர் மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் அப்படி அனுப்பிக்கொண்டிருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது வைத்தியம் பாதியில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கிளிப் கழற்றிய அன்று எல்லாம் முடிந்தது என்று தோன்றும். அது பாதிதான். பல் நகரும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக உருவாகிறது. அது இறுகவும், இழுபட்ட ஈறு நார்கள் அடங்கவும் காலம் வேண்டும். எனக்குக் கீழ்ப் பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது, மேலே இரவில் கண்ணாடி போல் தெளிவான ரீட்டெய்னர், அதாவது பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் உறை. நான்கு வருடமாக ஒவ்வொரு இரவும் போடுகிறேன், பற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மகள் தேர்வுக் காலத்தில் சில வாரம் விட்டாள். திரும்ப மாட்டியபோது இறுக்கிப் பிடித்தது. நல்லவேளை, போட்டுப் போட்டுச் சரியாகிவிட்டது. இதை வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும். ஓட்டலில் டிஷ்யூவில் சுற்றி வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும், எங்களுடையது ஒன்று அப்படித்தான் போனது.

பார்க்கப் போகும் டாக்டர் ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்தவரா என்று கேளுங்கள், தயங்காதீர்கள். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனால் பேசும் தொகையில் ரீட்டெய்னர் அடங்குமா, தொலைந்தால் புதிதுக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் செட் மட்டும்தான் தொகையில் சேர்ந்தது, குப்பைக்குப் போனதற்குப் பதில் வாங்கியதற்குத் தனியாகக் கட்டினோம்.