உத்திரமேரூர் போய்வர எடுத்த வாடகை கார்

நங்கநல்லூரில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன டிராவல்ஸ் இருக்கிறது. தை மாதம் அங்கேதான் ஒரு நாளைக்குக் கார் எடுத்தேன். அப்பாவுக்கு வயது 78, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஓலைச் சீட்டில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த சோழர் காலக் குடவோலை முறையை வருஷம் தவறாமல் வகுப்பில் சொன்னவர், அதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

காலை 5.30க்கெல்லாம் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு முட்டி வலி என்றதும் டிரைவர் தம்பி தானாகவே முன்சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார். பரனூர் டோல் தாண்டி, படாளத்தில் திரும்பி, முதலில் வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் மரங்களெல்லாம் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையுமாக இருந்தன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாம், அதனால் அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வைப்பதில்லை என்று தம்பிதான் சொன்னார்.

அங்கிருந்து உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில். சுவர் முழுக்க எழுத்து. பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. தம்பி செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தார். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி வந்தன. "மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது பாரு" என்று அப்பா கல்லைத் தொடாமல் விரலை மட்டும் ஓட்டிக்கொண்டே போனார். 30 குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), தேர்தலில் நிற்க வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலி நிலம் என்று தம்பிக்கு முழுப் பாடமும் நடந்தது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் தேர்தலில் நிற்கக்கூடாது என்றதும், "சொந்தக்காரங்களுமா ஐயா?" என்றார் தம்பி. அப்பா அவ்வளவு உற்சாகமாகப் பேசி ரொம்ப நாளாச்சு. ஒன்றரை மணி நேரம் தம்பி ஒருதடவைகூட வாட்சைப் பார்க்கவில்லை.

ஒரு குறை. கிலோமீட்டரை ஷெட் டு ஷெட், அதாவது வண்டி அவர்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பிப் போய்ச் சேரும்வரை, கணக்கிடுவார்கள் என்பதை புக் செய்யும்போது சொல்லவில்லை. பில்லில்தான் தெரிந்தது, 380 ரூபாய் கூடுதல். டிரைவர் பேட்டாவும் டோலும் தனி. முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி சுத்தம், ஏசியும் சரியாக இருந்தது.

அப்புறம், உத்திரமேரூரிலேயே உள்ள சுந்தரவரதர் கோயிலில் பெருமாள் மூன்று தளங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் இருக்கிறார். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் படி சிரமம். அப்பா கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டார், மேலே நானும் தம்பியும் மட்டும் போய் சேவித்துவிட்டு வந்தோம்.