பின்சக்கர இயக்க வண்டிக்குக் குளிர்கால டயர்: ஐந்து குளிர்கால அனுபவம்

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் நண்பர் சென்ற வாரம் ஒரு கேள்வியோடு வந்தார். ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் அவருடைய மகன், விலை மலிவாகக் கிடைக்கிறது என்று பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம்; குளிர்கால டயர் போட்டுவிட்டால் போதுமா, அல்லது அந்த வண்டியே வேண்டாமா என்று தெரிய வேண்டுமாம். ஓசூரிலிருந்து வேலை நிமித்தம் ஸ்டுட்கார்ட்டுக்குச் சென்று, அப்படிப்பட்ட காரை ஐந்து குளிர்காலம் ஓட்டியவன் என்பதால் என்னிடம் கேட்டார்.

நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அங்கே விழும் வெண்பனி வேறு, அதற்கான டயரும் வேறு. வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடுகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கிறது. அதன் பட்டன்களில், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகளில், கத்தியால் கீறியதைப் போல மெல்லிய வெட்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் வெண்பனி ஏறி அடைந்துகொள்ள, அடைந்த பனி தரையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியில் சாலையில் பனியோ பனிச்சேறோ இருக்கும்போது இந்த வகை டயர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம்; 2024 அக்டோபர் முதல், மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி டயரின் பக்கவாட்டில் இருந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் எதிர்பாராத நன்மை பிரேக்கில் கிடைத்தது. ஒரு ஜனவரிக் காலையில் எங்கள் தெருச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தபோது குப்பை லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன்; பெடல் காலடியில் கடகடவென்று அதிர, லாரிக்கு ஓர் ஆள் நீளம் முன்னதாகவே வண்டி நின்றது. எனக்குப் பின்னால் வந்த நான்கு சக்கர இயக்க வண்டி கோடை டயரோடு வந்ததால், நிற்காமல் வழுக்கிச் சென்று நடைபாதைக் கல்லில் முட்டி நின்றது. இழுப்பது எந்தச் சக்கரமாக இருந்தாலும் நிறுத்துவது நான்கும்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். இயங்குவது பின்சக்கரம்தானே, பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு பணிமனையில் சொன்னதை நம்பினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாயிற்று. வண்டி முன்னேறியது, ஆனால் திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் மட்டும் திரும்பின, வண்டி நேராகவே சென்றது. ஒரே வாரத்தில் மற்ற இரண்டையும் வாங்கினேன்.

நான்கும் மாற்றிய பிறகும் தீராத எரிச்சல் ஒன்று இருந்தது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு இருபது தப்படி நீளம்கூட இராது. இரவில் ஈரப்பனி விழுந்திருந்தால், பாதிச் சரிவில் பின்சக்கரங்கள் சுழலத் தொடங்கும். உடனே வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு மினுக்கி, இன்ஜின் விசையைத் தானே குறைத்துக்கொள்ளும். வண்டி மூச்சு முட்டியதுபோல நின்றுவிடும். வேப்பனப்பள்ளிப் பக்கம் மழைக்குப் பின் காலிப் பிக்கப்பைத் தோட்டத்துச் செம்மண் வழியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இன்ஜின் பாரமெல்லாம் முன்னால் இருக்க, தள்ள வேண்டிய பின்சக்கரம் காற்றாய்க் கிடக்கிறது. இரண்டு ராகி மூட்டையை ஏற்றினால் அதே பிக்கப் ஏறிவிடுகிறதல்லவா? நானும் 25 கிலோ மணல் மூட்டை இரண்டை டிக்கியில் வைத்து, பிரேக் போட்டால் நகராதபடி கட்டி, அந்தக் கட்டுப்பாட்டையும் அணைத்துவிட்டு, இரண்டாம் கியரில் மெல்ல ஏற்றக் கற்றுக்கொண்டேன். அப்படியும் ஐந்து குளிர்காலத்திலும் காலை ஆறரை மணிக்கு மண்வெட்டியோடு நின்ற நாள்கள் உண்டு. முன்சக்கர இயக்க வண்டி வைத்திருந்த மேல்வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கையசைத்துவிட்டுப் போவார். அந்தக் கையசைப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

ஆகவே நண்பரிடம், டயரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள், நான்கையும் ஒன்றாக வாங்கச் சொல்லுங்கள், பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டம் 1.6 வரை அனுமதித்தாலும் மாற்றச் சொல்லுங்கள், ஆனால் அந்த வண்டியை மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். சற்று யோசித்து, வீடு சமதளத்தில் இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சேர்த்தேன். உலர்ந்த சாலையில் அந்த வண்டி ஓடும் அழகை நினைத்தால் முழுதாக மறுக்க எனக்கே மனம் வரவில்லை.

மறுநாள் மாலை நண்பர் தொலைபேசியில் அழைத்தார். வீடு மேட்டுத் தெருவில்தான் இருக்கிறதாம். வண்டிக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டதாம். மணல் மூட்டை அங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று பையன் கேட்கிறானாம்.