மலைநாட்டில் மின்சார கார்: பரிசோதனையைத் தவறவிட்டால் பெட்டரி உத்தரவாதம் போய்விடுமா?

அட்டனில் 2019 முதல் நிசான் லீஃப் ஓட்டுகிறேன். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த வண்டி. 30 கிலோவாட் மணி பெட்டரி. வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தளர்ந்த பிறகு கொட்டகலை, தலவாக்கலைப் பக்கமெல்லாம் புதிய மின்சார கார்கள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பதைவிட உத்தரவாதத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். உத்தரவாதம் நிலைக்க வண்டியைத் தவணை தவறாமல் விற்பனையாளரின் கராஜில் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். அதற்காகக் கொழும்புக்கு இறங்கி ஏறுவது ஒரு முழு நாள் வேலை. ஒரு பரிசோதனையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை நியாயமானதுதான்.

பரிசோதனைக்குப் போகாததால் மட்டும் பெட்டரி கெட்டுவிடுவதில்லை. உத்தரவாதம் நிற்குமா என்பது உங்கள் கையிலுள்ள பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை வரி விடாமல் வாசிக்காமல் யாரும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

லீஃப்பின் பெட்டரிக்குக் குளிரூட்டும் திரவம் கிடையாது. காற்றில் தானாகவே ஆறுகிறது. அதனால் அதன் ஆண்டுப் பரிசோதனை என்பது பெரும்பாலும் கணினியைச் செருகி, வண்டி சேமித்து வைத்திருக்கும் தகவலைப் படிப்பதுதான். விரைவு மின்னேற்றம் எவ்வளவு அடிக்கடி நடந்தது, முழுதாக ஏற்றிய நிலையில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்பது போன்றவை அதில் தெரியும். ஊற்றவோ நிரப்பவோ எதுவுமில்லை.

கொள்ளளவை டாஷ்போர்டில் 12 கட்டங்கள் காட்டுகின்றன. ஏறக்குறைய 15 வீதம் தேய்ந்த பிறகே முதல் கட்டம் மறையும். அதன்பின் சுமார் 6 வீதத்துக்கு ஒரு கட்டம். இந்த 30 கிலோவாட் மணி பெட்டரிக்கு ஜப்பானில் நிறுவனம் கொடுத்த வாக்குறுதி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீற்றர், அதற்குள் 9 கட்டங்களுக்குக் கீழே இறங்கினால் பொறுப்பு எங்களுடையது என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். பாவித்த வண்டியாக இங்கே வந்தவற்றுக்கு அதுவும் கூட வருவதில்லை. நமக்குக் கிடைப்பது இங்குள்ள விற்பனையாளர் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் மட்டுமே.

அப்படியொரு பத்திரம் என் மைத்துனரைப் பாடாய்ப் படுத்தியது. அவருடையது வேறொரு நிறுவனத்தின் கார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனையாளரின் கொழும்பு கராஜில் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 2021இல் மாகாணங்களுக்கிடையிலான பயணத் தடை இருந்தபோது ஒரு தவணை தவறியது. அடுத்த ஆண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி திடீரென்று வலு குறைந்து ஊர்ந்தது. பெட்டரி என்பது பல சிறு செல்களின் தொகுப்பு; அவற்றில் ஒரு செல் சோர்ந்திருந்தது. தவணை தவறியதால் உத்தரவாதம் செல்லாது என்று விற்பனையாளர் கைவிரித்தார்.

அவர் வாதத்தை முறித்தது அவருடைய கராஜ் கொடுத்த தாளேதான். தடைக்கு முந்திய பரிசோதனையின் அச்சுப் பிரதியை மைத்துனர் பத்திரமாக வைத்திருந்தார். அதே செல்லின் மின்னழுத்தம் மற்றவற்றைவிடக் கீழே கிடப்பது அதிலேயே பதிவாகியிருந்தது. பழுது தவறிய தவணைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. அதைக் கண்டும் அவர்கள் சொல்லவில்லை. இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் எழுதப் போவதாகச் சொன்ன பிறகு, செல் மாற்றும் செலவை அவர்கள் ஏற்றார்கள். கூலியை இவர் கொடுத்தார். கூலியைக்கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

ஆகவே பரிசோதனை முடிந்ததும் புத்தகத்தில் குத்தும் முத்திரையோடு மட்டும் திரும்பி வராதீர்கள், அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. திரவத்தால் குளிரூட்டப்படும் பெட்டரியுள்ள வண்டிகளில் திரவம் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். அதை அலட்சியம் செய்து பெட்டரி கெட்டால் நிறுவனம் மறுப்பதில் நியாயம் உண்டு. நம் தோட்டப் பாதைகளில் கல் அடித்து அடித்தட்டு நசுங்குவதும் சாதாரணம். மென்பொருளும் இருக்கிறது. 30 கிலோவாட் மணி லீஃப்களின் கட்டுப்பாட்டுக் கணினி கொள்ளளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டியதால் 2018இல் நிசான் திருத்தம் வெளியிட்டது. அதைப் பெறாதவர்கள் நல்ல பெட்டரியைத் தேய்ந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மலையில் வாழ்வது பெட்டரிக்கு நல்லது என்பது என் அனுபவம். வெயிலும், முழு மின்னேற்றத்தில் நாள்கணக்கில் நிற்பதும்தான் அதை வேகமாகத் தேய்ப்பவை. அட்டன் குளிரில் முதலாவது தொல்லை பெரிதாக இல்லை. ஏற்றம்தான் சோதனை. அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் சுமார் 1,200 மீற்றர் உயரத்துக்கு, ஆட்களோடு 1,700 கிலோ வரும் வண்டியைத் தூக்கவே ஐந்தரை அலகு (கிலோவாட் மணி) மின்சாரம் வேண்டும். புதிய பெட்டரியிலேயே அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. லீஃப்பில் 96 செல் சோடிகள் வரிசையாக இணைந்திருக்கின்றன. அவற்றில் எது பலவீனமோ அதுவே முழு பெட்டரியின் எல்லை. சமதரையில் ஓடுபவருக்கு நெடுநாள் தெரியாத குறை நமக்கு முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். இறங்கும்போது நேர்மாறு: வண்டி மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கிறது. ஆனால் பெட்டரி நிறைந்திருந்தால் சேர்க்க இடமின்றி பிரேக்தான் உழைக்க வேண்டும். அதனால் கொழும்புக்குப் புறப்படும் நாளில் நிறையும் முன்பே மின்னேற்றத்தை நிறுத்திவிடுகிறேன்.

மாதம் ஒருமுறை, வண்டியின் கணினியிலுள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, செல் மின்னழுத்த வேறுபாட்டையும் ஓடிய தூரத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கிறேன். கருவி விலை அதிகமில்லை. விற்பனையாளரிடமும் மூன்று விடயங்களை எழுத்தில் வாங்கினேன்: கண்டியிலுள்ள வேறொரு கராஜின் அறிக்கையும் ஏற்கப்படும்; ஊரடங்கு, மண்சரிவு போன்றவற்றால் தவறும் தவணைக்கு ஒரு மாத அவகாசம் உண்டு; தவறிய பரிசோதனைக்கும் பழுதுக்கும் தொடர்பு இருந்தால் மட்டுமே மறுக்கலாம். மூன்றாவதற்கு அவர் இலகுவில் சம்மதிக்கவில்லை. அது இல்லாமல் பணம் தருவதில்லை என்று நின்றேன், எழுதிக் கொடுத்தார். புதிய வண்டி வாங்குவோர், முகவரின் அங்கீகாரம் பெற்ற கராஜ் கண்டியிலோ நுவரெலியாவிலோ இருக்கிறதா என்பதையும் உத்தரவாதப் புத்தகத்தில் அதன் பெயரைக் குறித்துத் தருவார்களா என்பதையும் முதலில் கேளுங்கள்.