நான்கு பேருக்கு எத்தனை டிக்கட்?

ஹட்டனிலிருந்து குடும்பத்தோடு திருச்சிக்கோ சென்னைக்கோ பறக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது ஒரு ஆளுக்கான விலையைத்தான். பார்க்க வேண்டியது மொத்தக் குடும்பத்துக்கும் எவ்வளவு ஆகும் என்பதை.

1948இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு குடும்பக் கட்டணம் கொண்டுவந்தது. குடும்பத் தலைவர் முழுக் காசு கட்டினால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பாதி. திங்கள், செவ்வாய், புதன் மட்டும்தான். கூட்டமில்லாத நாட்களில் இருக்கைகளை நிரப்ப அது ஒரு வழி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டரை டிக்கட். வெளிநாட்டுப் பயணங்களில் 12 வயதுக்குக் கீழே பாதி, 2 வயதுக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு என்பது நெடுங்காலம் இருந்த வழக்கம். பிள்ளைகள் இருவரும் 2 வயது தாண்டி 12க்குக் கீழே என்றால் அதே குடும்பத்துக்கு மூன்று டிக்கட். இன்றைய மலிவுக் கட்டண விமானத்திலோ 2 வயது தாண்டிய பிள்ளைக்கும் பெரும்பாலும் பெரியவர் விலைதான். ஆக, நான்கு.

அதற்காக அந்தக் காலமே நல்லது என்று சொல்ல மாட்டேன். ஏர் சிலோன் 1947 டிசம்பரிலேயே கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்தது. ஆனால் நாட்கூலியில் வாழ்ந்த தேயிலைத் தோட்ட லயத்துக் குடும்பத்துக்குப் பாதி டிக்கட்டும் எட்டாத விலை. நம் பெரியவர்கள் ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். 1964 புயல்வரை தனுஷ்கோடிக்கு, அப்புறம் இராமேஸ்வரத்துக்கு. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டவர்களும் அதே கப்பலில்தான் போனார்கள். அப்படிப் பிரிந்துபோன சொந்தத்தின் கல்யாணத்துக்கு இன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பறக்க முடிகிறதே, அது சின்ன விஷயமில்லை.

சரி, இன்று எதில் போவது? போகும்போது கொஞ்சம் தேயிலைத்தூள், வரும்போது சேலைகளும் பித்தளைச் சாமான்களும் என்று பெட்டி நிறைந்தால், மலிவு விமானத்தில் பெட்டிக்கு, இருக்கைக்கு, சாப்பாட்டுக்கு என்று ஒவ்வொன்றாகக் காசு கூடும். இவை டிக்கட்டிலேயே அடங்கிய விமானத்தில் சிறுவர் கட்டணமும் இருந்தால், நான்கு பேருக்கும் சேர்த்து அதுவே குறைவாக வரலாம். ஒரு கைப்பையோடு அவசரமாகப் போகிறவருக்கு மலிவு விமானம் போதும்.

புறப்படும் நேரத்தையும் பாருங்கள். விடிகாலை விமானம் என்றால் முதல்நாள் இரவே வேன் பிடிக்க வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் தூக்கத்திலிருந்து எழுந்து வாந்தி எடுக்கும் பிள்ளையோடு கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர்வது பெரிய பாடு. அதைத் தவிர்க்கக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த யாழ்ப்பாணத்துப் பலாலி வடக்கில் இருப்பவர்களுக்கு வசதி. நமக்கு அது சுற்றுவழி.

இன்னொன்று: கைக்குழந்தைக்குப் பயணத்தின் நடுவில் 2 வயது நிறைந்தால், திரும்பும்போது அதற்கும் தனி இருக்கை எடுக்கச் சொல்வார்கள். பிறந்தநாளுக்கு முன்பே திரும்புவதுபோல் தேதி போட்டால் அந்தக் காசு மிச்சம்.