18 நிரலா, 32 நிரலா: பதினொன்றாம் வகுப்புக்கு எந்தத் தனிம அட்டவணை?

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் அறையில் பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த 18 நிரல் (செங்குத்து வரிசை) தனிம அட்டவணையைக் கடந்த ஜூன் மாதம் கழற்றினேன். நான்கு சார்ட் தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டி, 32 நிரல்கள் கொண்ட அட்டவணையை நானே வரைந்து அந்த இடத்தில் மாட்டினேன். இரண்டையும் வைத்துப் பாடம் நடத்திவிட்ட நிலையில், மேல்நிலை வகுப்புக்கு 32 நிரல் அட்டவணையே ஏற்றது என்று உறுதியாகச் சொல்வேன்.

பொதுவான பண்புகளில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. முதல் தொகுதியில் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றல்) லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல் என்பதில் தொடங்கிச் சீசியத்தில் 376 ஆகக் குறைவதை இரண்டிலும் விரல் வைத்துக் காட்டலாம். வேறுபாடு ஒரே இடத்தில்தான். 18 நிரல் அட்டவணை லாந்தனைடுகள் (லாந்தனத்தில் தொடங்கும் வரிசை), ஆக்டினைடுகள் (ஆக்டினியத்தில் தொடங்கும் வரிசை) ஆகியவற்றைப் பெயர்த்தெடுத்து அடியில் இரு வரிகளாக வைக்கிறது. இது தாளின் அகலத்துக்காகச் செய்த ஏற்பாடே தவிர, வேதியியல் காரணம் எதுவும் இதற்குக் கிடையாது. ஆனால் மாணவர்களுக்கு அது அப்படித் தெரிவதில்லை. பழைய அட்டவணையில் பேரியத்தில் விரல் வைத்து வலப்பக்கம் நகர்த்திய ஒரு மாணவி, "சார், 56 முடிஞ்சதும் 72 வருதே, நடுவுல இருக்கறதெல்லாம் கீழ ஏன் போச்சு?" என்று கேட்டாள். அட்டவணையை மாற்றியாக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் பிறந்ததுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது லாந்தனைடு குறுக்கம், அதாவது லாந்தனைடு வரிசையில் செல்லச் செல்ல அணுக்கள் சிறுத்துப்போவது. ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே வர வர அணு ஆரம் கூடும் என்பது மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த விதி. நான்காம் தொகுதியில் டைட்டானியத்தின் ஆரம் ஏறத்தாழ 147 பிக்கோமீட்டர், அதன் கீழுள்ள சிர்கோனியத்தின் ஆரம் 160. அப்படியானால் ஹாஃப்னியத்துக்கு இன்னும் கூடியிருக்க வேண்டும், இருப்பதோ 159. இடையில் வரும் 14 தனிமங்களில் அணுக்கருவின் மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுகிறது, சேரும் எலக்ட்ரான்களோ உட்புறமுள்ள 4எஃப் ஆர்பிட்டால் என்னும் எலக்ட்ரான் இருப்பிடத்துக்குச் செல்கின்றன. எஃப் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை நன்றாக மறைப்பதில்லை என்பதால் வெளிக்கூடு சிறிது சிறிதாக உள்ளே இழுபடுகிறது. மூன்று நேர்மின்சுமை கொண்ட லாந்தனம் அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியம் அயனிக்கு 86 தான். 18 நிரல் அட்டவணையில் இந்தக் காரணத்தை ஆசிரியர் வாயால்தான் சொல்ல முடியும். 32 நிரல் அட்டவணையிலோ, ஐந்தாம் தொடரில் (கிடைவரிசையில்) ஸ்ட்ரான்சியத்துக்கும் யிட்ரியத்துக்கும் இடையே வெற்றிடம் கிடக்க, அதன் நேர்கீழே ஆறாம் தொடரில் 14 கட்டங்கள் நிரம்பியிருப்பது கண்ணெதிரே தெரிகிறது.

இந்தக் குறுக்கத்தின் விளைவை வரலாற்றிலும் காணலாம். 72ஆம் தனிமமான ஹாஃப்னியத்தை வேதியியலாளர் உர்பேன் போன்றோர் அருமண் தனிமங்களுக்கிடையே (லாந்தனைடுகளும் அவற்றை ஒத்தவையும்) தேடினார்கள். அது சிர்கோனியத்தின் உறவாக இருக்கும் என்பது இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அணுக்கொள்கையிலிருந்து கிடைத்த குறிப்பு. அதைப் பின்பற்றிக் கோஸ்டரும் ஹெவெசியும் 1923இல் கோபன்ஹேகனில் சிர்கான் கனிமத்தை எக்ஸ் கதிர் நிறமாலையால் ஆராய்ந்து ஹாஃப்னியத்தைக் கண்டார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து எடுக்கும் சிர்கானிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆரம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தாலும், ஹாஃப்னியம் சிர்கோனியத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நியூட்ரான்களை விழுங்கும். எனவே அணு உலையின் எரிபொருள் உறைக்கான சிர்கோனியத்திலிருந்து அதை முதலில் பிரித்தாக வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் ஒரு சிர்கோனியம் ஆலை இருப்பதைச் சொல்லி இதை விளக்கும்போது வகுப்பு உன்னிப்பாகக் கேட்கிறது.

18 நிரலுக்குச் சாதகமான ஓர் இடம் உண்டு. இரண்டாம் தொடரில் பெரிலியத்துக்கு 900, போரானுக்கு 801 என்று அயனியாக்கும் ஆற்றல் சரிவதை விளக்க வேண்டும். 18 நிரல் அட்டவணையில் இவ்விரண்டுக்கும் இடையே 10 நிரல் இடைவெளி இருந்தால், என் அட்டவணையில் 24 நிரல் இடைவெளி இருப்பதால் தொடர்ச்சி அறுந்துபோகிறது. எழுத்தும் சிறுத்துவிடுகிறது. கடைசி வரிசை மாணவர்களுக்குத் தெரிவதற்காக அணு நிறைகளை விட்டுவிட்டு, குறியீட்டையும் அணு எண்ணையும் மட்டும் எழுதினேன்.

மெண்டலீவின் எட்டுத் தொகுதி வடிவம் குரோமியத்தையும் கந்தகத்தையும் ஒரே தொகுதியில் வைத்து, குரோமேட்டும் சல்ஃபேட்டும் ஒத்திருப்பதைக் காட்டியது. அந்த ஒற்றுமை நீள அட்டவணைகளில் மறைந்துவிடுகிறது. சார்லஸ் ஜானெட் 1928இல் அமைத்த, இடப்பக்கம் படிகள்போல் தோன்றும் இடப்படி அட்டவணை ஹீலியத்தைப் பெரிலியத்தின் மேலே வைக்கிறது. எலக்ட்ரான் அமைப்புக்கு அது அழகாகப் பொருந்தினாலும், அதை வைத்து நான் பாடம் நடத்தியதில்லை என்பதால் தீர்ப்புக் கூறமாட்டேன். பத்தாம் வகுப்புக்கு 32 நிரல் தேவையா என்பதிலும் எனக்கு இன்னும் தெளிவில்லை.

வரைய முற்படுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யிட்ரியத்தின் கீழே லாந்தனமா லுட்டீசியமா என்பதை. நான் முதலில் லாந்தனத்தை ஒட்டினேன். ஆறாம் தொடரின் டி தனிமங்கள் (டி ஆர்பிட்டாலில் எலக்ட்ரான் சேரும் தனிமங்கள்) ஒன்றும் ஒன்பதுமாகப் பிளந்து நின்றன. சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபிஏசியின் குழு வெளியிட்ட 2021ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கையும் லுட்டீசியத்தையே ஆதரிப்பதால் கட்டத்தைப் பிய்த்து மாற்றி ஒட்டினேன். தேர்வில் எதை எழுதுவது என்று கேட்கும் மாணவர்களிடம், பாடநூலில் உள்ளபடியே எழுதச் சொல்கிறேன்.