அமாவாசையா, பிறையா, பௌர்ணமியா, ஒன்றாம் தேதியா?

புதிதாக ஒரு பழக்கம் தொடங்க வேண்டும் என்றால் எங்கள் கடலூரில் பாதிப் பேர் "ஒன்னாம் தேதியிலேர்ந்து பாத்துக்கலாம்" என்பார்கள். மீதிப் பேர் "அமாவாசை வரட்டும், நிறைஞ்ச நாள்ல ஆரம்பிக்கலாம்" என்பார்கள். நான் நிலவின் கட்சி. ஆனால் அமாவாசை, மூன்றாம் பிறை, பௌர்ணமி மூன்றும் ஒரே வேலைக்கு ஆகாது. எது எதற்கு என்று பார்த்து எடுக்க வேண்டும்.

ஒன்றாம் தேதியை முதலில் பார்த்துவிடலாம். சம்பளம், வாடகை, சீட்டு, வங்கித் தவணை எல்லாம் ஆங்கில மாதத்தோடு ஓடுகின்றன. பணம் சேர்ப்பது, கடன் அடைப்பது என்றால் அந்த நாளே சரி. வாரம், மாதம், ஆண்டு பிறக்கும்போது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் கூடுகிறார்கள் என்று 2014-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். புதுத் தொடக்கம் தரும் வேகம் கற்பனை இல்லை. குறை எங்கே என்றால், பத்தாம் தேதிக்குள் வேகம் தணிந்ததும் அடுத்த ஒன்றாம் தேதி வரை நம்மைக் கேட்க யாரும் இல்லை. நிலவு அப்படி விடாது. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். அதற்குள் இரவுக்கிரவு உருவம் மாறுகிறது, நடுவில் ஒரு பௌர்ணமி வந்து கணக்குக் கேட்கிறது. பதினைந்து நாள் தாங்கும் உறுதி பலருக்கு உண்டு, முப்பது நாள் தாங்குவது கடினம்.

அடுத்து அமாவாசை. மஞ்சக்குப்பம் கடைகளில் அன்று திருஷ்டிப் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் புதுச்சேரி கடற்கரையிலும் விடியற்காலையிலேயே தர்ப்பணக் கூட்டம். எள்ளும் தண்ணீரும் விட்டு அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அமாவாசையை நான் உயர்த்திப் பிடிப்பது இதற்காகத்தான். "உடம்பைக் குறைக்க வேண்டும்" என்று சும்மா எழுதுவது வேறு. அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்ட கையோடு, அவருக்கு வந்த சர்க்கரை எனக்கு வரக்கூடாது என்று நினைப்பது வேறு. இரண்டாவது நினைப்பு சீக்கிரம் கலையாது.

ஆனால் அன்று வீட்டில் வேலை அதிகம். வீடு கழுவ வேண்டும், படையல் சமைக்க வேண்டும், காக்கைக்குச் சோறு வைக்க வேண்டும். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் அண்ணிக்கும் நோட்டை எடுத்து உட்கார அரை மணி கிடைக்காது. அன்றைக்கு ஒரே ஒரு தீர்மானத்தை மனதில் எடுத்துக்கொண்டால் போதும்.

அதைச் செயலாகத் தொடங்க எனக்குப் பிடித்த நாள் மூன்றாம் பிறை. சூரியன் மறைந்தபின் மேற்கே கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டுப் போய்விடும். நமக்குக் கடல் கிழக்கே. அதனால் கடற்கரையில் நின்றாலும் கடலுக்கு முதுகைக் காட்டி ஊர்ப்பக்கம்தான் தேட வேண்டும். பரங்கிப்பேட்டையில் பிறை கண்டு நோன்பு தொடங்கும் வீடுகளுக்கு இந்தத் தேடல் நன்றாகவே தெரியும். வெளியே வந்து, தேடி, கண்டபிறகு தொடங்கும் காரியத்தில் நம் பங்கு ஏற்கெனவே விழுந்துவிடுகிறது. வளர்பிறை மாலை நிலா என்பதும் வசதி. சிப்காட்டில் பகல் வேலை முடித்து வருகிறவர் மொட்டை மாடிக்குப் போனால் அது மேலே இருக்கும், நாளுக்கு நாள் பெரிதாகும். நடைப்பயிற்சி, வாசிப்பு, பாட்டு கற்பது எல்லாம் இங்கே தொடங்கலாம். அஷ்டமி, நவமியில் யாரும் எதையும் தொடங்குவதில்லை. அந்த வளர்பிறை அஷ்டமியைச் சரிபார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்: பாதி நிலா, அமாவாசையில் தீர்மானம் எடுத்து வாரமும் ஒன்று ஆகியிருக்கும்.

பௌர்ணமி திரும்பிப் பார்க்கும் நாள். அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். முதலில் மங்கிய செம்மை, விளிம்பு கொஞ்சம் நசுங்கினாற்போல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் செம்மை கழன்று வெள்ளையாகும்போது தண்ணீரில் ஒரு ஒளிப்பாதை நம் காலடி வரை நீளும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, பதினைந்து நாளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டுக்கொள்ளலாம். திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறி 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களும் உண்டு. பேசாமல் நடந்தால் அதைவிட நல்ல யோசனை நேரம் கிடையாது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவருக்குத்தான் சிரமம்.

ஒன்றில் கவனம் தேவை. பௌர்ணமிக்கு முந்தைய சில நாட்களில் மக்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள், குறைவாகவும் தூங்குகிறார்கள் என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்களிடமும் அமெரிக்காவின் சியாட்டில் நகர மாணவர்களிடமும் அதே போக்கு. ஆகவே "நாளையிலிருந்து நாலு மணிக்கு எழுவேன்" என்ற சபதத்தைப் பௌர்ணமியை ஒட்டி எடுக்காதீர்கள்.

அந்தச் சபதத்துக்குத் தேய்பிறை இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத பதினைந்து நாள் அது. தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவில் எழுந்து விடியும்போது உச்சியில் நிற்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஐந்து மணிக்கு நடப்பவர்களுக்கு அது தெரியும். சங்கடஹர சதுர்த்தி விரதமும் இந்தப் பக்கத்தில்தான். விடவேண்டியதை விட இதுவே காலம்: இரவு செல்போன், பழைய மனத்தாங்கல், அலமாரியில் உபயோகமில்லாத சாமான்.

வேறு வழிகளும் இங்கே உண்டு. வடலூரில் தைப்பூசத்துக்கு ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள், மாதப் பூசத்திலும் தரிசனம் உண்டு. நிலா அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாள்தான் என்பதால் பூசம் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு பிறையில் வரும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தரிசன நாட்கள் பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24. ஆண்டுக்கு நான்கு முறை ஆழமாகப் பார்க்க அவை நல்ல நாட்கள், அன்றாடப் பழக்கத்துக்கு இடைவெளி அதிகம். நிலவின் எட்டு நிலைகளுக்கும் ஒவ்வொரு முறை எழுதச் செயலிகள் சொல்லும் எட்டுப் பிறை முறை எனக்கு ஒத்துவரவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை எழுதச் சொன்னால் எழுதுவதே இலக்காகிவிடும்.

நிலவுக் கணக்கின் உண்மையான சிக்கல் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் கடலூர் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். அப்போது வீட்டுக் காலண்டரில் உள்ள கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் போதும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும், எது வீட்டு வழக்கமோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், கூடும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கரைக்குப் போகாமல் மாடியிலேயே உட்காருங்கள்.