நுண்குழல் பழுது: பீட்டா-2வா, ஆர்பிபியா, ஆல்ஃபா-1ஆ?

சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க முதலில் நனைப்பது டிப்ஸ்டிக் என்ற நிறம் மாறும் பட்டையைத்தான். அது பிடிப்பது பெரும்பாலும் அல்புமின் என்ற பெரிய ரத்தப் புரதத்தை. அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையானால் சொல்லிவிடும். வடிகட்டியை அடுத்து வரும் நுண்குழலின் வேலை வேறு. வடிகட்டியில் தப்பி வரும் சின்னப் புரதங்களைத் திரும்ப இழுத்துக்கொள்வது அதன் பொறுப்பு. அந்த இழுப்பு தளர்ந்தால் சின்னவை சிறுநீரில் இறங்கும். பட்டையோ நிறம் மாறாமலே இருக்கலாம்.

சின்னவர்களில் மூத்தவர் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். எடை சுமார் 11,800 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). இதைப் பிரித்தெடுத்ததே நுண்குழலைக் கெடுக்கும் காட்மியம் என்ற உலோகம் நஞ்சேறியவர்கள், உடலில் செம்பு சேரும் வில்சன் நோயாளிகள் ஆகியோரின் சிறுநீரிலிருந்துதான், 1968இல். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் வயலுக்குள் இறங்கிய சுரங்கக் காட்மியமே 'இத்தாய்-இத்தாய்' எலும்பு நோய்க்குக் காரணம் என அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டில். அமெரிக்கப் பணியிட விதிகள் இன்றும் காட்மியம் தொழிலாளர்களுக்கு இந்தப் பரிசோதனையையும் கேட்கின்றன: சிறுநீரில் போகும் தசைக் கழிவான கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு 300 மைக்ரோகிராம் தாண்டினால் கண்காணிப்பு இறுகும்.

பெயர் பெரிது, உடம்பு நோஞ்சான். சிறுநீரின் பிஎச் 5.5க்குக் கீழே போனால் இது சிதைகிறது, அதுவும் சிறுநீர்ப்பைக்குள்ளேயே. குப்பியில் பிறகு காரம் ஊற்றிப் பயனில்லை, போனது போனதுதான். காலைச் சிறுநீர் பெரும்பாலும் அமிலம் என்பதால், 'நார்மல்' என்று வரும் ரிப்போர்ட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மைலோமா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்கள் இருந்தால் ரத்தத்திலேயே அளவு ஏறி, குழல் நன்றாக இருந்தும் வழியும்.

ரெட்டினாலை (வைட்டமின் ஏ) சுமக்கும் புரதமான ஆர்பிபிக்கு அமிலப் பயம் இல்லை. எடை 21,000. உணர்திறனும் நல்லது. என் முதல் தேர்வு இதுவே. ஆனால் எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது.

கிடைக்காதபோது ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின். அமிலத்தைத் தாங்கும், ஒளிச் சிதறலை அளக்கும் நெஃபலோமீட்டரில் எளிதாக அளக்கலாம். சற்றுப் பெரிய மூலக்கூறு என்பதால் தொடக்க நிலைச் சிறு பழுதைக் காட்டுவதில் பீட்டா-2வை விட மந்தம்.

என்ஏஜி என்ற நொதி இந்தப் பந்தயத்திலேயே இல்லை. அது வடிகட்டியைத் தாண்டாத பருமன். குழல் செல்லிலிருந்தே உதிர்வது. இழுக்கும் திறனை அல்ல, செல்லின் காயத்தைக் காட்டும்.

எதை அளந்தாலும் கிரியாட்டினினால் வகுத்த கணக்கைக் கேளுங்கள். பீட்டா-2தான் வழி என்றால், சிறுநீரின் அமிலம் குறைய மருத்துவர் சொன்னபடி சோடா உப்பு எடுத்துக்கொண்டு, பிறகு கொடுத்த சிறுநீரின் பிஎச்சையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.